அற்புதத்துக்கு மாட்டிய வெள்ளைக் கோட்டு

எட்டயபுரத்து மண்ணில் இரண்டு பெரியவர்கள் அடங்கியிருக்கிறார்கள். ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். திருவாரூரில் பிறந்து, காசியில் வாழ்ந்து, கோயில் கோயிலாகப் பாடிக்கொண்டே வந்தவர், 1835-ஆம் ஆண்டு தீபாவளியன்று இங்கே உயிர் நீத்தார். மற்றவர் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர். இருவரோடும் ஓர் அற்புதம் சேர்ந்தே வருகிறது. தீட்சிதர் வந்த சமயம் எங்கள் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். பார்த்து மனம் பொறுக்காமல் அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளை நினைத்துப் பாடினார். மழை இறங்கியது. போதும் தாயே என்று மறுபடி வேண்டிக்கொள்ளும் அளவுக்கு இறங்கியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உமறுப்புலவரின் காப்பியத்திலோ நபிகள் நாயகத்தின் பொருட்டு வானத்து நிலவு பிளக்கிறது.

நான் இந்த வட்டாரத்துப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் சிவன் கோயிலில் விளக்குப் போடுகிறவளும்தான். தீட்சிதர் மழை கொண்டுவந்த கதையை வகுப்பில் சொல்லிவிட்டு, மறுநாள் அதே பலகையில் நீராவி நீராக மாறும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பத்தை எழுதியிருக்கிறேன். எனக்கும் என் பிள்ளைகளுக்கும் அதில் ஒரு முரணும் தோன்றியதில்லை. சினிமா காட்டும் விஞ்ஞானத்தைப் பார்க்கும்போது மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நிலவு பிளந்ததைக் கேட்டுக் கைகூப்புகிறவள், படத்தில் ஒரு விஞ்ஞானி கம்ப்யூட்டரைத் தட்டி ஏதோ ஒரு கதிரை வரவழைத்தால் ஏன் கோபப்பட வேண்டும்? பல வருஷமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன்.

பதிலின் ஒரு நுனியை எனக்குப் பிடித்துக் கொடுத்தது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தி. அமிர்தவர்ஷிணியின் ஸ்வரங்கள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலிக்கின்றனவாம். அந்த அதிர்வெண் மேகத்தில் உள்ள நீர் மூலக்கூறுகளோடு ஒத்ததிர்ந்து அவற்றைத் துளியாக்குகிறதாம். இதை விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாம். பக்கத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரின் படம். அனுப்பியவர் என்மேல் பிரியம் உள்ளவர், தீட்சிதர்மேல் பக்தி உள்ளவர். அவர் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அதைப் படித்ததும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் 10,000 டன். அவ்வளவு நீராவியும் நீராகக் குளிரும்போது வெளியாகும் வெப்பம் சுமார் 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் ஐந்து எந்திரங்களும் முழு வேகத்தில் ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் அவ்வளவு மின்சாரம் கிடைக்கும். எங்கள் ஊர் எல்லைக்குள் ஒரு சின்ன மழை செய்கிற வேலை இது! மனிதக் குரலின் ஒலியாற்றலோ சாதாரணமாக ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதுவும் தூரத்தின் இருமடிக்கு ஏற்பத் தேய்ந்துகொண்டே போகும். ஒரு மீட்டர் தள்ளிக் கேட்கிற செறிவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்ச் சேரும். அந்தக் குரல் மேகத்தை உலுக்கித் துளியாக்கியது என்று சொன்னால் அது இயற்பியலுக்குப் பொய். அதைவிட என்னை வாட்டியது இன்னொன்று. தீட்சிதர் மேகத்தோடு பேசவில்லை. அம்பாளோடு பேசினார். வறண்ட மண்ணைப் பார்த்து ஒரு மனிதருடைய மனம் கசிந்தது, அந்தக் கசிவுக்கு ஒரு தாய் இரங்கினாள் என்பதல்லவா கதை? அதிர்வெண்ணைக் கொண்டுவந்து வைத்ததும் அம்பாள் அங்கிருந்து போய்விடுகிறாள். தீட்சிதரின் இரக்கமும் வேண்டாததாகிவிடுகிறது. அந்த ஸ்வரங்களைச் சரியாக ஒலிக்கிற ஒரு ஒலிபெருக்கி போதும்.

பக்தியையும் பாழாக்கி, படிப்பையும் பாழாக்குகிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குச் சினிமாக் கொட்டகைதான் ஞாபகம் வருகிறது. 1965-இல் வந்த திருவிளையாடல் படத்தில் சிவபெருமான் பாட்டை நிறுத்தியதும் உலகத்தில் எல்லாமே அசையாமல் நின்றுபோகும். அதைப் பார்த்துவிட்டு வந்த எவரும் ஒலிக்கும் இயக்கத்துக்கும் அப்படியொரு தொடர்பு உண்டு என்று நினைக்கவில்லை. செய்தவர் ஈசன், கதை அதை மறைக்கவில்லை. இன்றைய படங்களில் அதே அற்புதம் நடக்கிறது, ஆனால் ஈசன் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆய்வுக்கூடம், நாலு கம்ப்யூட்டர் திரை, ஒரு கோட்டு, வாயில் ஃபோட்டான், டிஎன்ஏ, குவாண்டம்.

எங்கள் மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, வாரக்கணக்கில் விரதம் இருந்து, காளியாக, குறவனாக, ராஜாவாக வேடம் கட்டி வீடு வீடாகக் காணிக்கை வாங்கி அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். காளி வேடம் கட்டியவரைத் தெருவே கும்பிடும். அவர் நம்மூர் கொத்தனார் என்பதும் தெருவுக்குத் தெரியும். விரதம் இருப்பதால்தான் அந்த வேடத்துக்கு மதிப்பு. விஞ்ஞானியின் கோட்டுக்கும் பின்னால் ஒரு விரதம் உண்டு: அளந்து பார்க்காமல் சொல்லக்கூடாது, தனக்குப் பிடித்த முடிவுக்காக எண்ணை மாற்றக்கூடாது, வேறொருவர் செய்து பார்த்தாலும் அதே விடை வர வேண்டும். சினிமா அந்த விரதத்தை விட்டுவிட்டு வேடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

2018 நவம்பர் 29-ஆம் தேதி வெளியான 2.0 படத்தை எடுத்துக்கொள்கிறேன். ஷங்கர் இயக்கம், ரஜினிகாந்த், அக்‌ஷய் குமார். செல்போன் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று மனமுடைந்து ஒரு பறவையியலாளர் உயிரை விடுகிறார்; அவருடைய ஒளிவட்டம் செத்த பறவைகளின் ஒளிவட்டத்தோடு சேர்ந்து பேருரு எடுக்கிறது. படம் வெளிவருமுன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. அவர்கள் பக்கம் வாதாட நான் வரவில்லை. அந்தப் பறவையியலாளரின் கண்ணீர் என்னையும் அழவைத்தது. வீட்டில் உலைக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்த கவிஞன் பிறந்த ஊர்க்காரி நான். குருவிக்காக ஒருவர் படம் எடுத்தால் முதல் டிக்கெட் என்னுடையதுதான்.

ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் குருவி குறைந்ததற்கு ஒரே பதில்தான் கேட்கிறேன்: டவர். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருக்கும் ஆற்றல், ஒரு வேதிப் பிணைப்பை உடைக்கத் தேவையானதைவிடப் பல லட்சம் மடங்கு குறைவு. எக்ஸ் கதிர் செய்கிற கேட்டை அது செய்ய முடியாது. செறிவு மிகுந்தால் சூடாக்கும், அவ்வளவுதான். அந்தச் செறிவுக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் 2012 செப்டம்பரிலிருந்து இந்தியா அனுமதிக்கிறது. 2020-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைகிறது என்றது. பூச்சி இரை குறைவதையும் கூடு கட்ட இடமில்லாமல் போவதையும் அது காரணமாகச் சுட்டியது. கோபுரத்துக்கு எதிராக உறுதியான சான்று இல்லை என்றது. ஓட்டு வீட்டின் இடுக்கு போய் கான்கிரீட் வந்ததும், குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லாமல் போனதும் நம் கையால் நடந்தவை. கோபுரத்தின் மேல் பழியைப் போட்ட நிமிஷத்தில் நம் கை கழுவப்பட்டுவிடுகிறது. பூச்சிமருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குருவிக்காக எடுத்த படம் குருவிக்கே உதவாமல் போனதில் எனக்குள்ள வருத்தம் இதுதான்.

உண்மை அந்தக் கதையைவிட அழகாகவும் இருந்தது. ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் ஒன்றைக் காட்டினார்கள். நகரத்து மின்கருவிகளின் மெல்லிய மின்காந்த இரைச்சலில் ஐரோப்பிய ராபின் பறவைகள் திசையை இழக்கின்றன. மண் இணைப்புக் கொடுத்த உலோகத் தகட்டால் கூண்டு அறையை மூடி இரைச்சலைத் தடுத்ததும் மறுபடி திசை கண்டுகொள்கின்றன. செல்போனின் அலைவரிசை அல்ல அது, அதைவிட மிகவும் தாழ்ந்தது. பூமியின் காந்தப் புலத்தை உணர்கிற ஒரு சின்ன உயிர், நம் கருவிகளின் முணுமுணுப்பில் வழி தவறுகிறது! இதைவிட ஒரு காட்சி ஒரு இயக்குநருக்கு வேண்டுமா?

இன்னொரு படம், 2009-இல் வந்த ஹாலிவுட்டின் 2012. இந்தியாவில் ஒரு செப்புச் சுரங்கத்தின் ஆழத்தில் அது தொடங்குகிறது. அங்கே ஒரு இந்திய விஞ்ஞானி, சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் குணம் மாறி பூமியின் உள்ளகத்தைச் சூடாக்குகின்றன என்று காட்டுகிறார். அடியில் தண்ணீர் கொதிக்கிறது. சில ஆண்டுகளில் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் உண்மையான நியூட்ரினோ ஆய்வுக்கூடம் பற்றிய பேச்சு பெரிதானது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம், 50,000 டன்னுக்கு மேற்பட்ட காந்தமேற்றிய இரும்பு. எதிர்ப்பும் வலுத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வெடி வைப்பதா, புலி நடமாடும் காட்டில் கட்டுமானமா, நீர்நிலைகள் என்னாகும் என்ற கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் கேட்டவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசப்பட்டது வேறு. "அக்கா, அந்தக் கதிரு வெளிய வந்துட்டா பூமி உள்ளுக்குள்ள வெந்துருமாமே" என்றார் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பருத்தி வியாபாரி. மகன் போட்டுக் காட்டிய படத்தில் பார்த்தாராம்.

அவரிடம் விரல் நகத்தை நீட்டச் சொன்னேன். சூரியனிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வினாடியில் சுமார் 6,500 கோடி இந்த நகத்தின் வழியே போய்க்கொண்டிருக்கின்றன, ராத்திரி பூமியைத் துளைத்துக்கொண்டு அடியிலிருந்து வருகின்றன, ஒரு ஆயுள் முழுவதும் உடம்பில் ஒன்று மோதினாலே பெரிது என்றேன். ஆய்வுக்கூடம் நியூட்ரினோவை உண்டாக்கப் போவதில்லை, வருவதில் ஒன்றிரண்டைப் பிடித்துப் பார்க்கத்தான் மலையின் மறைவு கேட்கிறது என்றேன். கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965-லேயே நம்மவர்கள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டவர்கள் என்றும் சொன்னேன். அவர் நகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன கோடி போவுது, ஒண்ணும் தெரியலையே" என்றார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டு அந்த வியப்பை வைக்க எனக்கு ஒரு டீ ஆறுகிற நேரம் போதுமானதாக இருந்தது. அந்தப் பேச்சு நடக்காத டீக்கடைகள் எத்தனை இருந்திருக்கும்!

"சினிமான்னா சினிமா, ஜனங்களுக்கு அது தெரியாதா" என்று என்னோடு வேலை பார்த்த ஒருவர் வாதிடுவார். பாதி சரி. கதாநாயகன் உதைத்துப் பத்துப் பேர் பறந்தால் எந்தக் குழந்தையும் நம்பாது. ஏனென்றால் உதை வாங்கியும் கொடுத்தும் அதற்குப் பழக்கம் உண்டு. உடம்புக்கே இயற்பியல் தெரியும். செல்போன் அலையை யாரும் தொட்டதில்லை. நியூட்ரினோவை யாரும் ருசித்ததில்லை. படங்கள் சொல்வதுபோல் முன்னோரின் திறமை டிஎன்ஏவில் உறங்குகிறதா என்று யாரும் தன் உடம்பைத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. உடம்பு சாட்சி சொல்ல முடியாத இடத்தில் சினிமா ஆசிரியராக வந்து உட்கார்ந்துவிடுகிறது. புத்தகத்தில் ஒரு பத்தியாகப் படித்தது மறந்துபோகும். திரையில் சுரங்கத்தண்ணீர் கொதித்தது மறக்காது.

எங்கள் கடற்கரையில் இதை உயிரோடு சேர்த்துப் பார்க்கலாம். முத்துக் குளிக்கும் சலாபம் கடைசியாக நடந்தது 1961-இல். பழைய சலாபங்களில் சுறா அண்டாதபடி மந்திரம் ஓதக் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார்; அரசாங்கமே அவரைச் சம்பளத்துக்கு வைத்த காலங்கள் உண்டு. மந்திரம் சுறாவுக்கு. மூச்சுக்கு யாரும் மந்திரம் கேட்கவில்லை. கல்லைக் கட்டி இறங்கினார்கள், நெஞ்சு முட்டும்போது கயிற்றை அசைத்து மேலே வந்தார்கள். நம்பிக்கை அதன் இடத்தில் இருந்தது, கடலின் விதி அதன் இடத்தில் இருந்தது. இன்று திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் வள்ளத்தில் ஓடும் கம்ப்ரசரிலிருந்து குழாயில் வரும் காற்றைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கடலோடிகளின் அளவில் பத்துப் பாகம் ஆழத்தில் அழுத்தம் மேலே உள்ளதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அங்கே ஐந்து லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் விர்ரென்று மேலே வந்தால், அந்தக் காற்றுக்குப் பதினான்கு லிட்டர் இடம் வேண்டும். நெஞ்சு என்ன செய்யும்? நீண்ட நேரம் கீழே இருந்தவர் வேகமாக ஏறினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் பிடிக்கும். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் தாய்மாமன் அப்படித்தான் கால் விளங்காமல் படுத்தார். படங்களில் கதாநாயகன் கடலடியில் சண்டை போட்டுவிட்டு ஒரே வீச்சில் மேலே வந்து தலைமுடியைச் சிலுப்பிக்கொள்கிறான். "மாமா மெதுவா ஏறணும்னு யாரும் சொல்லலையா டீச்சர்" என்று அந்தப் பெண் கேட்டாள். பாயில் விதியை அன்றைக்கு நான் பலகையில் எழுதியபோது வகுப்பு முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தது. பாடத்தை அதற்கு முன்போ பின்போ அவ்வளவு கவனமாகக் கேட்டவர்களை நான் பார்த்ததில்லை.

உதையை யாரும் நம்புவதில்லை என்று மேலே சொன்னேன். அதனால் அதில் கேடு இல்லை என்று ஆகிவிடாது. அங்கே அறிவு கெடவில்லை, வேறொன்று கெடுகிறது. எழுபது கிலோ நாயகன் தொண்ணூறு கிலோ அடியாளை உதைத்து வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறக்கவிட்டால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி நாயகனும் வினாடிக்குப் பதின்மூன்று மீட்டர் வேகத்தில் பின்னால் போக வேண்டும். காலூன்றிய தரை கொஞ்சம் தாங்கும், அவ்வளவையும் தாங்காது. பத்தாம் மாடியிலிருந்து விழும் பெண் முப்பது மீட்டர் இறங்கும்போது மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பாள். அரை மீட்டருக்குள் கையால் தாங்கி நிறுத்தினால் ஐம்பது கிலோ உடம்பின் மேல் மூன்று டன் பளு ஏறும். தரையில் விழுவதற்கும் அந்தக் கையில் விழுவதற்கும் வித்தியாசம் அதிகமில்லை. படத்தில் இதெல்லாம் ஒருவருக்கு மட்டும் விலக்கு. அடியாளுக்கு எலும்பு முறியும், நாயகனுக்கு முறியாது. அடியாளின் வண்டி கவிழும், நாயகனின் வண்டி பறந்து இறங்கும். ஆளைப் பார்த்து விதி வளைகிறது.

ஆளைப் பார்த்து விதி வளைவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம், எந்தக் கடையில் யாருக்கு எந்தக் கிளாசில் டீ என்று ஆளைப் பார்த்து வளைந்த விதிகளை என் வயதுக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணாக நான் இயற்பியலைப் படித்தபோது என்னை உலுக்கியது அதன் கணக்குகள் அல்ல. புவியீர்ப்பு யாருடைய பெயரையும் கேட்பதில்லை. ஜமீன் அரண்மனை மாடியிலிருந்து விழும் கல்லும் தீப்பெட்டி ஆபீஸ் மாடியிலிருந்து விழும் கல்லும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றன. இவ்வளவு நேர்மையான ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. கோயிலில் நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. எல்லோரையும் ஒன்றாக நடத்தும் அந்த நேர்மையை, கைதட்டலுக்காக ஒரு ஆளுக்குச் சாதகமாக வளைத்துக் காட்டும்போது, பிள்ளைகள் இயற்பியலைத் தப்பாகப் படிக்காவிட்டாலும், பெரியவனாகிவிட்டால் விதி நம்மைத் தொடாது என்ற ஆசையைப் படித்துக்கொள்கிறார்கள். மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் ஹெல்மெட் இல்லாமல் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுகிற பையன் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதைப் பரீட்சையில் சரியாக எழுதியவனாகக்கூட இருப்பான். தனக்கு அது பொருந்தாது என்று எங்கோ அவனுக்குள் ஒரு திரை ஓடிக்கொண்டிருக்கிறது.

விதி ஆளைப் பார்ப்பதில்லை என்று வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "அப்படின்னா சாமிக்கே விதியை மீற உரிமை இல்லையா டீச்சர்?"

வகுப்பில் உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. 2010 ஜனவரி 15-ஆம் தேதி தூத்துக்குடிக் கடற்கரையில் பார்த்த கங்கண சூரிய கிரகணத்தை அவளுக்குச் சொன்னேன். நடுப்பகலில் சூரியன் ஒரு வளையமாகப் பத்து நிமிஷம் நின்றது. எந்த இடத்தில் எந்த நொடியில் அது தொடங்கும் என்று பல வருஷங்களுக்கு முன்பே கணக்கிட்டு அச்சில் வைத்திருந்தார்கள். அதே கணக்கை வைத்துத்தான் கோயில்களும் நடை சாத்தும் நேரத்தைக் குறித்தன. அந்த நொடி வந்தபோது நிலவின் விளிம்பு வந்து நின்றது. கொடுத்த வாக்கை யாரோ காப்பாற்றியதுபோல் இருந்தது எனக்கு. கண்ணாடிக்குள்ளே கண் நனைந்தது. இறைவனால் மீற முடியாது என்று நான் சொல்லவில்லை. மீறாமல் இருக்கிறாரே, அதைத்தான் கும்பிடுகிறேன் என்றேன். தினமும் மனம் மாறுகிற தெய்வத்தின் உலகத்தில் விதைப்பது எப்படி, படகு விடுவது எப்படி, மருந்து கொடுப்பது எப்படி? சித்துகளைப் பெரிதென்று நம் ஞானிகளும் நினைக்கவில்லை. தாயுமானவர் அவற்றையெல்லாம் தாண்டி மனம் அடங்குவதையே அரிதென்று வைத்தார்.

ஆனால் அவளிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோது நான் கேட்டது விதிவிலக்கைத்தான். ராத்திரி முழுக்க அதைத்தான் கேட்டேன். மறுபடி அப்படி ஒரு ராத்திரி வந்தாலும் கேட்பேன். வறண்ட கரிசலைப் பார்த்துத் தீட்சிதர் கேட்டதும் அதுதானே! கேட்பது மனிதருக்கு இயல்பு, அதில் குறையில்லை. நான் அம்பாளிடம் கேட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை. டாக்டரிடம் நான் எதிர்பார்த்தது எல்லோருக்கும் கொடுக்கும் அளவில் அதே மருந்தை, அதே கவனத்தை. அந்த இரண்டு பேரையும் ஒருவர் மற்றவரின் இடத்தில் உட்காரவைத்தால் நான் இரண்டையும் இழந்துவிடுவேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "அப்போ படத்துல சாமி வந்து செஞ்சதா காட்டினா ஒத்துக்குவீங்களா?" என்றாள். ஒத்துக்கொள்வேன், உன்னையும் கூட்டிக்கொண்டு போவேன் என்றேன்.

கற்பனையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்டர்ஸ்டெல்லார் படத்துக்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் கூடவே இருந்தார். உறுதியாக நிறுவப்பட்ட விதிகளைப் படம் மீறக்கூடாது, ஊகம் செய்தாலும் அது அறிவியலிலிருந்தே கிளம்ப வேண்டும் என்று முதலிலேயே நிபந்தனை வைத்தார். அவருடைய சமன்பாடுகளிலிருந்து கருந்துளையின் உருவம் திரைக்கு வந்தது. அவருக்கே 2017-இல் வேறொரு வேலைக்காக நோபல் பரிசும் வந்தது. தமிழில் இதற்கு ஆள் இல்லையா? மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிப்பவர்கள் இருக்கிறார்கள். சந்திரயான்–3 திட்டத்தை நடத்திய வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். சந்திரயான் 2023 ஜூலை 14-இல் கிளம்பி ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது. இத்தனை நாள் ஏன் என்று பிள்ளைகள் அலுத்துக்கொண்டார்கள். படங்களில் பாட்டு முடிவதற்குள் போய்விடுகிறார்கள் அல்லவா! அப்பல்லோவை மூன்று சொச்சம் நாளில் நிலவருகே கொண்டுபோன ராக்கெட்டின் எடை ஏறக்குறைய 2,900 டன், நம்முடையது 640 டன். குறைந்த எரிபொருளோடு, பூமியைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு முறை பூமிக்கு அருகே வரும்போதும் ஒரு தள்ளு கொடுத்து, சுற்றுப்பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி நிலவை எட்டினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளை படித்து மேலே வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொறுமையின் பெருமை தெரியும்.

குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி, தேசிய அறிவியல் தினத்தன்று, ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஏன் அங்கே என்று ஊரில் பலர் கேட்கிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் நேராகத் தெற்கே போக முடியாது; வழியில் இலங்கை. எரிந்து கழன்ற பாகங்கள் மனிதர்கள் குடியிருக்கும் தீவின் மேல் விழக்கூடாது என்பதற்காக முதலில் தென்கிழக்கே போய், பிறகு கடல் மேல் தெற்கே திரும்புகிறது. திரும்புவதற்கு எரிபொருள் செலவு. சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம், தூக்கிச் செல்லும் எடையில் பிடித்துக்கொள்ளும். குலசையிலிருந்து ஏவினால் தெற்கே திறந்த கடல்தான். முன்பின் தெரியாத ஒரு தீவின் ஜனங்களுக்காக இத்தனை காலம் துருவப் பாதைக்குப் போன ஒவ்வொரு ராக்கெட்டும் வளைந்து போயிருக்கிறது, அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் கொடுத்திருக்கிறது. இதை யாராவது படமாக எடுக்க முன்வந்தால், உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். காசு வேண்டாம்.